எந்த மனநல மருத்துவரிடம் போவது? தண்டையார்பேட்டை வாசகிக்குப் பதில்

கேள்வி: என் கணவருக்கு 38 வயது. பாரிமுனையில் ஒரு கிளியரிங் அலுவலகத்தில் வேலை செய்கிறார். ஆறேழு மாதங்களாகத் திடீர் திடீரென்று நெஞ்சு படபடக்கிறது, வியர்த்துக் கொட்டுகிறது, மூச்சு அடைக்கிறது, “உயிர் போயிடும் போலிருக்கு” என்கிறார். நள்ளிரவில் ஆட்டோ பிடித்து ஓடியிருக்கிறோம். இ.சி.ஜி., எக்கோ எல்லாம் சரியாக இருக்கிறது என்றார்கள். பக்கத்து டாக்டர் “டென்ஷன்தான்” என்று மாத்திரை கொடுத்தார். அட்டையில் அல்பிரசோலம் என்று இருக்கிறது. பழைய சீட்டைக் காட்டியே மெடிக்கல் ஷாப்பில் வாங்கித் தினமும் போடுகிறார். ஒரு மனநல மருத்துவரிடமும் போனோம். பத்து நிமிடம்கூடப் பேசவில்லை, வேறு மாத்திரை எழுதினார். பதற்றம் கூடியதால் ஐந்தாம் நாளே நிறுத்திவிட்டார். இப்போது நான் இரவெல்லாம் போனில் தேடுகிறேன். அண்ணா நகரில் ஒருவருக்கு ஐந்து நட்சத்திரம், ஒரு முறைக்கு 1,500 ரூபாய். ஆன்லைன் கவுன்சலிங், ஹிப்னாடிசம் என்று என்னென்னவோ வருகிறது. மாமியார் தாயத்துக் கட்டச் சொல்கிறார். இவரோ “எனக்கென்ன பைத்தியமா, கீழ்ப்பாக்கத்துக்கெல்லாம் வர மாட்டேன்” என்கிறார். யாரிடம் போவது, எதைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பது? ஆபீசுக்குத் தெரிந்தால் வேலைக்கு ஆபத்து வருமா?

— வாசகி, தண்டையார்பேட்டை

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

நான் மனநல சமூகப் பணியாளர். மருந்து எழுதும் தகுதி எனக்கில்லை. வருகிறவர்களின் குடும்ப நிலையையும் தொல்லையின் தன்மையையும் கேட்டறிந்து, யாரிடம் முதலில் போக வேண்டும், எங்கே போனால் தொடர்ந்து போக முடியும் என்று வழிகாட்டுவது என் வேலையின் பெரும்பகுதி. ஆகவே நீங்கள் கேட்டிருப்பது நான் அன்றாடம் எதிர்கொள்ளும் கேள்விதான். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உங்கள் கணவர் முதலில் பார்க்க வேண்டியவர் ஒரு மனநல மருத்துவர். அவர் ஊரிலேயே பேர்பெற்றவராக இருக்க வேண்டியதில்லை. உரிய தகுதி உள்ளவராகவும், உங்கள் வீட்டிலிருந்தும் உங்கள் வருமானத்திலிருந்தும் மாதக்கணக்கில் போய்வரக் கூடியவராகவும் இருந்தால் போதும். இந்த இரண்டும் ஸ்டான்லி அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவில் உங்களுக்குக் கிடைக்கும்.

போனில் தேடும்போது குழப்பம் ஏற்படுவதற்குக் காரணம், வெவ்வேறு படிப்பும் வெவ்வேறு வேலையும் உள்ளவர்கள் எல்லோரும் ஒரே பட்டியலில் ஒரே மாதிரியான படத்தோடும் நட்சத்திரத்தோடும் வந்து நிற்பதுதான். மனநல மருத்துவர் என்பவர் எம்.பி.பி.எஸ். முடித்து, அதன்மேல் மனநலத்தில் எம்.டி., டி.என்.பி. அல்லது டி.பி.எம். படித்தவர், உடல் நோயையும் மன நோயையும் பிரித்தறிந்து மருந்து எழுதக் கூடியவர். மருத்துவ உளவியலாளர், அதாவது கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட், உளவியலில் முதுகலை முடித்து, அதன்பின் மருத்துவமனைச் சூழலில் எம்.ஃபில். போன்ற பயிற்சி பெற்றவர். மருந்தில்லாமல் பேச்சின் வழியாகவும் பயிற்சிகளின் வழியாகவும் சிகிச்சை தருபவர். கவுன்சிலர் என்ற பெயரில் இருப்பவர்களிடையே முறையாக இரண்டாண்டு முதுகலை படித்துப் பல காலம் அனுபவம் பெற்றவர்களும் உண்டு, வார இறுதி வகுப்பில் சான்றிதழ் வாங்கியவர்களும் உண்டு. பலகையைப் பார்த்து வேறுபாடு தெரியாது. குடும்பத் தகராறு, இழப்பின் துயரம், தேர்வு பயம் போன்றவற்றுக்கு நல்ல கவுன்சிலர் பெருந்துணையாக இருப்பார். ஆனால் உங்கள் கணவரின் தொல்லையை அங்கிருந்து தொடங்குவது சரியாக இராது.

அதற்கு இரண்டு காரணங்கள் இருக்கின்றன. முதலாவது, நீங்கள் எழுதியிருக்கும் அறிகுறிகள் பேனிக் அட்டாக் எனப்படும் பீதித் தாக்குதலோடு ஒத்துப்போகின்றன என்றாலும், தைராய்டு கூடுதலாகச் சுரப்பதாலும் இதே படபடப்பும் வியர்வையும் வரும். இதயத்தைப் பரிசோதித்தாயிற்று என்பதற்காக மற்றதையெல்லாம் விட்டுவிட முடியாது. கடிதத்தை வைத்து நோய்க்குப் பெயர் சூட்டுவதும் என் வேலையில்லை. இரண்டாவது காரணம்தான் எனக்கு அதிகக் கவலை தருகிறது. அல்பிரசோலம் போட்ட சற்று நேரத்தில் பதற்றத்தைத் தணித்துவிடும், அதனாலேயே உடல் அதற்குப் பழகிவிடும். நாளாக ஆகப் பழைய அளவு போதாமல் போகும். மருத்துவர் எழுதித் தராமல் விற்கக் கூடாத, விற்பனையைத் தனிப் பதிவேட்டில் குறிக்க வேண்டிய எச்1 பட்டியலில் அந்த மருந்து இருப்பதற்குக் காரணம் அதுதான். இந்த வரிகளைப் படித்துவிட்டு அவர் மாத்திரையை இன்றைக்கே தூக்கி எறிந்துவிடவும் கூடாது. பல மாதம் தினமும் போட்டவர் திடீரென்று நிறுத்தினால் பதற்றம் பன்மடங்காகத் திரும்பும், சிலருக்கு வலிப்பும் வரலாம். படிப்படியாகக் குறைக்க வேண்டும். அந்தக் கணக்கைப் போட வேண்டியவர் மருத்துவர். உங்கள் கணவருக்கு மதுப்பழக்கம் உண்டா என்று நீங்கள் எழுதவில்லை. இருந்தால் அதை மறைக்காமல் மருத்துவரிடம் சொல்லுங்கள். இந்த மாத்திரையும் மதுவும் சேர்ந்தால் மூச்சு மந்தமாகி உயிருக்கே ஆபத்தாகலாம்.

தகுதியைச் சரிபார்ப்பது நீங்கள் நினைப்பதைவிட எளிது. மருத்துவர் என்றால் தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலின் பதிவு எண் அவருடைய சீட்டிலேயே அச்சிட்டிருக்க வேண்டும். அந்த எண்ணைக் கவுன்சிலின் இணையதளத்தில் தேடிப் பார்க்கலாம். மருத்துவ உளவியலாளர் என்றால் இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவு செய்திருக்க வேண்டும்; 1992ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த அந்தக் கவுன்சிலின் பதிவேட்டையும் இணையத்தில் பார்க்கலாம். பெயருக்கு முன்னால் டாக்டர் என்று இருப்பதை மட்டும் நம்பிவிட வேண்டாம். முனைவர் பட்டம் பெற்றவரும் டாக்டர்தான், அவர் மருந்து எழுத முடியாது. பதிவு எண்ணைக் கேட்பது அவமரியாதை ஆகுமோ என்று பலர் தயங்குகிறார்கள். முறையாகப் படித்த யாரும் அந்தக் கேள்விக்குக் கோபப்பட்டு நான் பார்த்ததில்லை. நீங்கள் குறிப்பிட்டிருக்கும் ஹிப்னாடிச விளம்பரத்திலும் இதையே கேளுங்கள். ஹிப்னாடிச முறையைத் தகுதியுள்ள மருத்துவர்களும் உளவியலாளர்களும் சிலருக்குப் பயன்படுத்துவதுண்டு. ஆனால் “மூன்றே அமர்வில் நிரந்தரக் குணம்” என்று எழுதிப் பணத்தை மொத்தமாக முன்கூட்டியே கேட்கும் இடத்தில் நான் என் குடும்பத்தினரை விடமாட்டேன்.

நட்சத்திரங்களைப் பற்றி ஒரு வார்த்தை. உணவகத்துக்கும் செருப்புக் கடைக்கும் வாடிக்கையாளர்கள் தரும் மதிப்பெண் ஓரளவு உண்மையைக் காட்டும். மனநல சிகிச்சையில் குணமடைந்தவர்களில் எத்தனை பேர் தம் பெயரையும் படத்தையும் போட்டு “இவரால் நான் தேறினேன்” என்று ஊரறிய எழுதுவார்கள்? உங்கள் கணவர் எழுதுவாரா? ஆகவே அங்கே பேசுவோர் பெரும்பாலும் கோபத்தோடு வந்தவர்களாகவோ, எழுதும்படி கேட்டுக்கொள்ளப்பட்டவர்களாகவோ இருப்பார்கள். மருத்துவர்கள் விளம்பரம் செய்து நோயாளிகளைத் தேடிப் பிடிப்பதை 2002ஆம் ஆண்டு வகுத்த மருத்துவ ஒழுக்க விதிகளே தடை செய்கின்றன. அப்படியிருக்க, நோயாளிகளைக் கேமரா முன் உட்காரவைத்துப் பாராட்டச் சொல்லி வெளியிடுபவர் எவ்வளவு திறமைசாலியாக இருந்தாலும், உங்கள் வீட்டு விஷயத்தை அவரிடம் சொல்ல எனக்குத் தயக்கமாக இருக்கும். நட்சத்திரங்களைவிட, உங்கள் கணவரைப் பல காலமாக அறிந்த பொது மருத்துவரோ, இதே போன்ற தொல்லையிலிருந்து மீண்ட உறவினரோ சொல்லும் பெயர் நம்பத்தக்கது.

இனி, எல்லோரும் கடைசியில் யோசிப்பதும் நான் முதலில் கேட்பதுமான விஷயத்துக்கு வருகிறேன். அண்ணா நகர் மருத்துவரிடம் ஒரு முறைக்கு 1,500 ரூபாய் என்று எழுதியிருக்கிறீர்கள். அவர் நல்லவராகவே இருக்கட்டும். பீதித் தாக்குதலுக்குப் பேச்சுவழிச் சிகிச்சை என்றால் பெரும்பாலும் வாரம் ஒன்றாக எட்டிலிருந்து பதினைந்து அமர்வுகள் வரை ஆகும். அதே கட்டணத்தில் பத்து அமர்வு என்று வைத்துக்கொண்டாலே 15,000 ரூபாய், அதற்குமேல் ஊரின் மறுபக்கத்துக்குப் போய்வரும் செலவு, அரை நாள் விடுப்பு. மருந்து மட்டும் என்றாலும், குணம் தெரிந்த பிறகும் பல மாதங்கள் தொடர வேண்டியிருக்கும். இரண்டு முறை போய்விட்டு மூன்றாம் முறை “அடுத்த மாதம் பார்த்துக்கலாம்” என்று நின்றுபோகும் சிகிச்சையைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். நின்றுபோன பின் தொல்லை திரும்பினால், “எல்லா வைத்தியமும் செய்து பார்த்தாயிற்று, ஒன்றும் கேட்கவில்லை” என்ற முடிவுக்குக் குடும்பமே வந்துவிடுகிறது. எந்த மருத்துவரைத் தேர்ந்தெடுத்தாலும், ஆறு மாதம் இவரிடம் போய்வர நம்மால் ஆகுமா என்ற கணக்கை இருவருமாக உட்கார்ந்து போட்டுவிட்டு முன்பதிவு செய்யுங்கள்.

ஸ்டான்லியைச் சொல்வதற்கு இலவசம் என்பது ஒரு காரணம்தான். உங்கள் கணவர் பாரிமுனைக்கு வேலைக்குப் போகும் திசையிலேயே அது இருக்கிறது. அதோடு, வடசென்னையில் பிரசவத்துக்கும் எலும்பு முறிவுக்கும் காய்ச்சலுக்கும் ஸ்டான்லி வாசலை மிதிக்காத குடும்பம் அபூர்வம் என்பதால், அங்கே அவர் ஓ.பி. சீட்டு வாங்கிக்கொண்டு நிற்பதைத் தெருக்காரர் யாராவது பார்த்தாலும் எதற்காக வந்தார் என்று ஊகிக்க வழியில்லை. குறைகளையும் சொல்லிவிட வேண்டும். காலையிலேயே போக வேண்டும், கூட்டம் இருக்கும், காத்திருக்க வேண்டும். அது மருத்துவக் கல்லூரி மருத்துவமனை என்பதால் முதலில் முதுநிலை மாணவ மருத்துவர் விரிவாகக் கேட்டு எழுதிக்கொண்டு, பிறகு மூத்த மருத்துவர் பார்ப்பது வழக்கம். “படிக்கிற பசங்ககிட்ட விட்டுட்டாங்க” என்று சிலர் வருத்தப்படுவார்கள். என் அனுபவத்தில், முழுக் கதையையும் பொறுமையாகக் கேட்பவர் பெரும்பாலும் அந்த மாணவ மருத்துவர்தான். அடுத்த முறை வேறொருவர் இருக்கலாம் என்பது உண்மையான குறை. அதற்கு மருந்து எப்போது தொடங்கியது, என்ன மாறியது என்ற குறிப்பை நீங்களே ஒரு நோட்டில் எழுதி எடுத்துப்போவது உதவும்.

கீழ்ப்பாக்கம் பற்றிய உங்கள் கணவரின் பயத்துக்கு அவரைக் குறை சொல்வதற்கில்லை. இந்த ஊரில் யாரையாவது கேலி செய்ய வேண்டுமென்றால் அந்த இடத்தின் பெயரைத்தான் சொல்லி வளர்ந்திருக்கிறோம். 1794இல் தொடங்கிய அந்த மருத்துவமனை இன்று அரசு மனநலக் காப்பகமாக மட்டுமில்லை; காலையில் வந்து, மருத்துவரைப் பார்த்து, மருந்து வாங்கிக்கொண்டு அன்றைக்கே வீடு திரும்பும் புறநோயாளிகளும் அங்கே ஏராளம். ஆயினும் இவருடைய தொல்லைக்கு அங்கேதான் போயாக வேண்டும் என்பதில்லை. அதை அவரிடம் தெளிவாகச் சொல்லிவிடுங்கள், பாதி எதிர்ப்பு அடங்கிவிடும்.

பத்து நிமிடத்தில் மாத்திரை எழுதிய மருத்துவர் மீது உங்களுக்கு வருத்தம் இருப்பது நியாயம். ஆனால் அந்த மாத்திரையே தவறு என்று முடிவு கட்ட வேண்டாம். இந்தத் தொல்லைக்கு வழக்கமாகத் தரப்படும் மருந்துகள் வேலை செய்யத் தொடங்க இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும். முதல் வாரத்தில் பதற்றம் சற்றே கூடுவதும் உண்டு. இதை அன்றைக்கே உங்களுக்குச் சொல்லியிருக்க வேண்டும், சொல்லியிருந்தால் ஐந்தாம் நாள் அவர் நிறுத்தியிருக்க மாட்டார். ஆகவே அடுத்துப் பார்க்கும் மருத்துவரிடம் எழும்புவதற்கு முன் நீங்களே கேளுங்கள்: இது என்ன தொல்லை என்று நினைக்கிறீர்கள், இந்த மருந்து என்ன செய்யும், முதல் வாரத்தில் என்ன எதிர்பார்க்கலாம், எவ்வளவு காலம் சாப்பிட வேண்டும், இடையில் சிரமமானால் யாரைக் கேட்பது. கூட்டத்தின் நடுவிலும் இவற்றுக்கு இரண்டு நிமிடத்தில் பதில் சொல்லும் மருத்துவர்கள் இருக்கிறார்கள். அப்படி ஒருவர் கிடைத்தால், அறையில் ஏசி இல்லை என்பதையோ உட்கார நாற்காலி இல்லை என்பதையோ பொருட்படுத்தாமல் அவரையே பிடித்துக்கொள்ளுங்கள்.

மாற்றவே கூடாது என்று சொல்லவில்லை. கேள்வி கேட்டால் எரிந்து விழுபவர், நோயாளியை எதிரில் வைத்துக்கொண்டு உங்களிடம் மட்டும் பேசுபவர், குடும்ப ரகசியத்தை வெளியே கசியவிடுபவர், தொடுதலிலோ பேச்சிலோ எல்லை மீறுபவர், முந்தைய மருந்துச் சீட்டைப் பார்க்காமலே எல்லாவற்றையும் நிறுத்தச் சொல்பவர் ஆகியோரை அன்றே விட்டுவிடலாம். எல்லை மீறலைப் பற்றி மருத்துவக் கவுன்சிலிடம் புகாரும் செய்யலாம். மற்றபடி, சொன்ன மருந்தைச் சொன்னபடி ஆறேழு வாரம் சாப்பிட்டும் எந்த முன்னேற்றமும் இல்லை, அதைச் சொன்னாலும் சிகிச்சையில் எந்த மறுயோசனையும் இல்லை என்றால் மாற்றுவது சரி. அப்போதும் பழைய சீட்டுகளை எடுத்துக்கொண்டு போங்கள். நான்கு மருத்துவர்களின் நான்கு மருந்துகளை ஒருவருக்குத் தெரியாமல் ஒருவரிடம் வாங்கி ஒன்றாகச் சாப்பிடுகிறவர்களை நான் அறிவேன்.

படபடப்பு ஓரளவு கட்டுக்குள் வந்த பிறகு, மருத்துவ உளவியலாளரிடம் அனுப்ப முடியுமா என்று மருத்துவரையே கேளுங்கள். அங்கே தரும் பேச்சுவழிச் சிகிச்சைக்கு அறிவாற்றல் நடத்தை சிகிச்சை என்று பெயர், சி.பி.டி. என்றும் சொல்வார்கள். நெஞ்சு வேகமாக அடித்தால் உயிர் போகப்போகிறது என்ற எண்ணம் எப்படி வருகிறது, அந்த எண்ணமே படபடப்பை எப்படிக் கூட்டுகிறது என்று புரியவைத்து, அவர் தவிர்க்கும் இடங்களையும் செயல்களையும் சிறிது சிறிதாக எதிர்கொள்ளப் பழக்குவது அதன் முறை. வீட்டில் செய்துபார்க்க வேண்டிய பயிற்சிகள் இருக்கும். வெறுமனே மனம் விட்டுப் பேசிவிட்டு வருவது மட்டுமல்ல. இதை உங்கள் கணவருக்குத் தமிழில் செய்யத் தெரிந்தவர் வேண்டும். ஆன்லைன் சேவைகளில் நல்ல உளவியலாளர்கள் இருந்தாலும், மொழியையும் பதிவு எண்ணையும் முதலிலேயே கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். ஒரே அறையும் மெல்லிய சுவரும் உள்ள நம் பகுதி வீடுகளில் மாமியாரும் பிள்ளைகளும் இருக்கும்போது ஒருவர் போனில் தன் பயத்தைச் சொல்வது எளிதல்ல. மொட்டை மாடியில் நின்று பேசி அமர்வை முடித்தவர்கள் உண்டு. அதற்கு வசதி இல்லையென்றால் நேரில் போவதே மேல்.

வேலை பற்றிய கேள்விக்குச் சுருக்கமான பதில்: சிகிச்சை விவரங்களை ரகசியமாக வைத்திருக்கும் உரிமையை 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் நோயாளிக்குத் தருகிறது, அலுவலகத்திலிருந்து கேட்டாலும் அவருடைய சம்மதமில்லாமல் மருத்துவமனை சொல்லக் கூடாது. உடல் நோய்க்குத் தருவது போலவே மன நோய்க்கும் காப்பீடு தர வேண்டும் என்றும் அதே சட்டம் சொல்கிறது. உங்கள் பாலிசியில் புறநோயாளி செலவு அடங்குமா என்பதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். மாமியாரின் தாயத்தைப் பற்றிச் சண்டையிட வேண்டாம். அது கையில் இருக்கட்டும், மாத்திரையும் வேளாவேளைக்கு உள்ளே போகட்டும். மாத்திரையை நிறுத்தினால்தான் பலிக்கும் என்று யாராவது சொன்னால் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

அவரை வரவழைப்பதற்காக “சும்மா ஃபுல் செக்கப்” என்று பொய் சொல்லி அழைத்துப் போகாதீர்கள். கதவுக்கு வெளியே மனநலப் பிரிவு என்ற பலகையைப் பார்க்கும்போது அவர் உங்கள் மீதும் மருத்துவர் மீதும் ஒருசேர நம்பிக்கை இழப்பார். தூக்கம் வருவதற்கும் இந்தப் படபடப்பு நிற்பதற்கும் ஒரு டாக்டரைப் பார்ப்போம், அவர் மனநல மருத்துவர், ஸ்டான்லியிலா வெளியிலா என்று நீங்களே முடிவு செய்யுங்கள் என்று சொல்லிப் பாருங்கள். தேர்ந்தெடுக்கும் உரிமை கையில் இருந்தால் மறுக்கிறவர்கள் குறைவு. அதற்கும் இசையவில்லை என்றால் 14416 என்ற எண்ணில் டெலி மானஸ் என்ற அரசு மனநலத் தொலைபேசிச் சேவையை நீங்களே அழைக்கலாம். இலவசம், இரவு பகல் எந்நேரமும் தமிழில் பேசலாம். அடுத்து என்ன செய்வது என்று உங்களுக்கும் சொல்வார்கள், அவருக்கு மனம் வந்தால் அவரும் பேசலாம்.

இவ்வளவு நேரம் தேர்ந்தெடுப்பதைப் பற்றி எழுதியது பொறுத்திருக்க நேரம் உள்ள நிலைக்குத்தான். இருந்து என்ன பயன் என்று பேசத் தொடங்கினாலோ, மாத்திரைகளைச் சேர்த்து வைப்பது தெரிந்தாலோ, இல்லாத குரல் கேட்பதாகச் சொன்னாலோ, சாப்பாடு தண்ணீரை மறுத்தாலோ, வலிப்பு வந்தாலோ யாரையும் தேடிக்கொண்டிருக்காமல் எந்த நேரமானாலும் ஸ்டான்லியின் அவசரப் பிரிவுக்கு அழைத்துப் போங்கள், அல்லது 108ஐ அழையுங்கள். இதுவரை அப்படி எதுவும் இல்லை என்று உங்கள் கடிதத்திலிருந்து புரிந்துகொள்கிறேன். ஆனாலும் தற்கொலை எண்ணம் உண்டா என்று அவரிடம் நேராகவே கேட்டுவிடுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது.

போகும் நாளில் பழைய இ.சி.ஜி., எக்கோ அறிக்கைகள், முந்தைய மனநல மருத்துவரின் சீட்டு, இப்போது போடும் அல்பிரசோலம் அட்டை ஆகியவற்றை ஒரே பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். தினம் எத்தனை மாத்திரை, எந்த வேளையில், எந்த மாதத்திலிருந்து என்பதை அவரையே ஒரு தாளில் எழுதச் சொல்லுங்கள். குறைத்துச் சொன்னால் மருத்துவர் போடும் கணக்குத் தவறிவிடும் என்பதை மட்டும் அவரிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.